அடுத்த வீட்டார் சொன்ன சொல்



தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போவது என்று அக்காலத்தில் யாரும் யோசித்ததில்லை. தோட்டத்து மருந்தகம் இருந்தது, டிரசர் இருந்தார். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். மனு எழுத வேண்டுமானால் கிராணியிடம் போனார்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடி வந்தார்கள். கடனுக்கு அரிசி வேண்டுமானால் தோட்டத்துக் கடை. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கதவு இருந்தது. அது எந்தக் கதவு என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்று நிலைமை வேறு. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. நம் குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து விட்டன. தோட்டத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் செந்தூலிலோ, பந்தாய் டாலாமிலோ, கிள்ளானிலோ ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். அங்கே கதவுகள் ஏராளம். ஒரே மாடியில் பத்துப் பதினைந்து கதவுகள். ஆனால் எந்தத் தேவைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல ஒருவருமில்லை.

ஒருவருமில்லை என்று சொன்னேன்; அது முழுதும் சரியல்ல. அடுத்த வீட்டார் இருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்த பெண், துணி காயப்போடும் இடத்தில் நின்று, "அக்கா, இங்கே நல்ல கிளினிக் எது? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? பள்ளிக்கூட வேன் யாருடையது?" என்று கேட்கிறாள். அந்த அக்கா சொல்லும் பதிலை வைத்துத்தான் அந்தக் குடும்பத்தின் அடுத்த சில மாதங்கள் நடக்கின்றன. அந்த ஒரு சொல்லை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அந்தச் சொல்லின் அருமையைச் சொல்லிவிடுகிறேன். பசார் மாலாமில் மீன் எந்த நேரத்தில் மலிவாகக் கிடைக்கும், எந்த மளிகைக்கடைக்காரர் நிறுவையில் ஏமாற்ற மாட்டார், தண்ணீர்க் குழாய் உடைந்தால் நியாயமான கூலிக்கு வருபவர் யார் என்பவையெல்லாம் எந்த அலுவலகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர் தலையில்தான் இருக்கின்றன. இந்தக் காரியங்களில் அக்கம்பக்கத்தாரைத் தாராளமாகக் கேளுங்கள். அவர் சொன்னது தவறிப் போனாலும் நட்டம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளியோடு போய்விடும்.

ஆனால் பிள்ளை, நோய், பணம் என்ற மூன்று காரியங்களில் நட்டம் அவ்வளவோடு நிற்காது. அங்கே யாராவது ஒன்றைப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். "நீங்களே அங்கு போனீர்களா, அல்லது யாரோ சொல்லக் கேட்டதா?" இது ஒன்று. "எப்போது போனீர்கள்?" இது இரண்டு. "இதில் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" இது மூன்று. மூன்றாவது கேள்வியை நேருக்கு நேர் கேட்க முடியாது, மனத்துக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரும் செய்திக்கும் இதே மூன்று கேள்விகள்தாம். பலருக்கு வந்துவிட்டது என்பதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், "கீழ்மாடியில் ஒரு பாட்டி நன்றாகப் பார்த்துக்கொள்வார், காசும் குறைவு" என்று யாராவது சொன்னால் மனம் நிம்மதியடையும். அந்தப் பாட்டி உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம். இரண்டு பிள்ளைகளோடு தொடங்கியவர் இன்று எட்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்திருக்கக்கூடும். ஒருநாள், சொல்லாமல் பகல் வேளையில் போய்ப் பாருங்கள். பலகணிக்குக் கம்பி உண்டா? அடுப்பு எட்டாத இடத்தில் இருக்கிறதா? பிள்ளைகள் உங்களைக் கண்டதும் ஓடி வருகிறார்களா, ஒதுங்கி நிற்கிறார்களா? ஆயாக் கொட்டகையைத் தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. அடுக்குமாடியில் பெற்றோர்தாம் பார்க்க வேண்டும்.

அடுத்து நோய். பட்டணத்துக் குடியிருப்புகளில் டிங்கிக் காய்ச்சல் ஓயாத தொல்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் மாடி முழுவதும் வைத்தியராகிவிடுகிறது. ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்பார். இன்னொருவர், "போன மாதம் என் மகனுக்கு வாங்கிய மருந்து மீதி இருக்கிறது, கொடு" என்பார். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் டிங்கியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். மீதி மருந்து எது என்று தெரியாமல் கொடுப்பது ஆபத்து.

இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வருகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சூடு தணிந்தவுடன், "சாறு வேலை செய்துவிட்டது" என்று நாம் மகிழ்வோம். அப்போதுதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே இரண்டு நாள் காய்ச்சல் விடாவிட்டால் அரசாங்க மருந்தகத்தில் இரத்தம் பரிசோதியுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். அடுத்த வீட்டாரிடம் மருந்தைக் கேட்காதீர்கள். மருந்தகத்துக்குப் போக வண்டியைக் கேளுங்கள். அந்த உதவிக்கு ஈடு இணை இல்லை.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பாருங்கள். குளிர்பெட்டியின் பின்தட்டு, பூச்சட்டித் தட்டு, தண்ணீர் தடைப்படும் என்று பிடித்து வைத்த வாளி ஆகியவற்றைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நம் வீட்டு வாளியில் பிறந்த கொசு நம் வீட்டாரை மட்டும் கடிப்பதில்லை.

இனிப் பணம். ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். என் பள்ளியில் படித்த ஒரு பெண் பிள்ளையின் பெற்றோர், பட்டணத்தில் வேலை கிடைத்து அடுக்குமாடியில் குடியேறினார்கள். ஒரு சாவுச் செலவுக்கு அவசரமாக இரண்டாயிரம் வெள்ளி தேவைப்பட்டது. கீழ்மாடியில் இருந்த ஒருவர், "எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், சாயங்காலமே கைக்கு வந்துவிடும்" என்றார். சொன்னபடியே வந்தது. பத்திரமில்லை, ரசீதில்லை. தகப்பனாரின் வங்கி அட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு சம்பள நாளில் பணத்தை எடுத்தவர் அவர். மீதியை வாங்கக் கைநீட்டி நின்றவர் உழைத்தவர். ஆள் சேர்த்துக் கொடுத்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பிள்ளை பாட்டியிடமே திரும்பி வந்து, மறுபடியும் என் வகுப்பில் உட்கார்ந்தாள். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள், யாராவது வாசலில் நின்றால் எழுந்து பார்ப்பவளாகிவிட்டாள். கடன் வாங்கியவர் தகப்பன். தவணை கட்டியது அவளும்தான்.

கணக்குப் பாருங்கள். 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஈடு வைத்த கடனுக்குப் பன்னிரண்டுக்கு மேல் கூடாது. ஆயிரம் வெள்ளியை ஓராண்டுக்கு வைத்திருந்தால் அதிகம் போனால் 180 வெள்ளி வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு இருபது என்று கேட்பவரிடம் அதே ஆயிரத்துக்கு ஓராண்டு வட்டி 2,400 வெள்ளி. முதல் அப்படியே நிற்கும். ஆகவே, கடன் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். கூட்டுப் பணம் கட்டும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் ஓடிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

வீட்டு விஷயத்திலும் தவறான யோசனைகள் உலவுகின்றன. "இங்கே யாரும் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை, நீயும் கட்டாதே" என்பது ஒன்று. கட்டாதவர்கள் கூடக் கூட மின்தூக்கி நின்றுபோகும். மூட்டுவலிக்காரர் எட்டு மாடி ஏறுவார். 2015-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டத்தில் உரிமையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் கட்டணப் பாக்கி வைத்திருப்பவர் அங்கே வாக்களிக்க முடியாது. கட்டிவிட்டுக் கேள்வி கேட்பவருக்குத்தான் பலம். மற்றொன்று, "காசு கொடுத்தால் மாநகர் மன்றத்து வாடகை வீட்டை என் பெயரிலிருந்து உனக்கு விடுகிறேன்" என்பது. அவ்வீட்டைக் குடியிருப்பவர் பிறருக்கு வாடகைக்கு விட அனுமதியில்லை. கொடுத்த காசும் போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

நேயர்களே, இவ்வளவும் சொன்னதால் அக்கம்பக்கத்தாரை நம்பாதீர்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். யாரையும் நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்தாம் பட்டணத்தில் முதலில் ஏமாறுகிறார். அவசரம் வந்தால் அவருக்குக் கேட்க ஆளில்லை. சொல்ல வந்தது இதுதான்: நீங்களும் ஒருவருக்கு அடுத்த வீட்டார். நாளைக்கு இன்னொரு தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் உங்கள் மாடியில் வந்து இறங்கும். அவர்கள் கேட்கும்போது, தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல்லுங்கள். காதால் கேட்டதைக் கேட்டது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். முடிந்தால் முதல் முறை கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள். லயத்தில் நம் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

தோட்டத்தில் இருக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பட்டணம் புறப்படும்போது ஊறுகாயும் கருவாடும் கட்டிக் கொடுக்கிறீர்கள், நல்லது. அவற்றோடு பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் ஆகியவற்றையும் ஓர் உறையில் போட்டுக் கொடுங்கள். புறப்படும் முன்பே தலைமையாசிரியரைப் பார்த்துப் பள்ளி மாற்றத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இருந்தும், வீடு மாறிய குழப்பத்தில் இரண்டு மாதம், மூன்று மாதம் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க அவர்கள் படும் பாடு பெரிது.

இன்று இரவு பட்டணத்திலிருக்கும் உங்கள் மகனையோ மகளையோ தொலைபேசியில் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, "உன் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால், நாளைக்கே போய்த் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.