தெருவும் நகர்மன்றமும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'இளைஞரும் கல்வியும்' என்பதாகும். அதனைச் சற்றே திருப்பி, 'தெருவும் நகர்மன்றமும் நம் இளைஞரும்' என வைத்துக்கொள்ளத் தலைவர் அவர்களிடம் இசைவு பெற்றுள்ளோம். கல்வி விழாவில் தெருவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளைதான் நாளை தெருமுனையில் நிற்கிறான். பள்ளிக்கும் தெருவுக்கும் இடையே சுவர் ஒன்றே உள்ளது. அதிலும் வாயில் உண்டு. அந்த வாயிலில் நின்று முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்.

இரண்டு ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றைக் கூறி உரையைத் தொடங்குகிறோம். வார்டு மக்களின் குறைகளைக் கேட்பதற்காக நகர்மன்ற உறுப்பினர் தலைமையில் பகுதி சபைக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நாமும் சென்றிருந்தோம். முன் வரிசை நாற்காலிகளில் கடைத்தெருக்காரர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் அமர்ந்திருந்தனர். நம் காலனித் தெருவிலிருந்து வந்தவர்கள் எண்ணி ஐந்து பேர். ஐவரும் சுவரோரம் நின்றிருந்தோம். நிற்குமாறு எவரும் கூறவில்லை. உட்காருமாறும் எவரும் கூறவில்லை.

முதலில் எழுந்த பெரியவர் குப்பையைப் பற்றிப் பேசினார். அடுத்தவர் நாய்த்தொல்லையைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர், "காலனி முனையில் பையன்கள் இரவு பத்து மணிவரை கூட்டம் போடுகிறார்கள். பெண்பிள்ளைகள் போக முடியவில்லை. போலீசு ரோந்து வரவேண்டும், பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும்" என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். உண்மையை மறைத்துப் பயனில்லை, நாமும் தலையசைத்தோம்.

அப்போது சுவரோரம் நின்றவர்களுள் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் ஓர் இளைஞர் கையை உயர்த்தினார். "அம்மா, நாங்கள் அங்கே நிற்பது உண்மைதான். எங்கள் தெருவில் ஏழு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. எரிவது அந்த முனையில் உள்ள ஒன்றுதான். வீட்டில் பாட்டி, அம்மா, அக்கா எல்லாரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். நாங்கள் எங்கே போய் நிற்பது என்று இந்த ஐயாவே சொல்லட்டும்" என்றார்.

மன்றம் அமைதியாயிற்று. பின்னர் உறுப்பினர் அம்மையார் எழுத்தரை அழைத்து, எரியாத விளக்குகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரத்தில் நான்கு விளக்குகள் எரிந்தன. மற்ற இரண்டிற்கும் மேலும் இரண்டு மனுக்கள் தேவைப்பட்டன. ரோந்தும் வந்தது, ஆனால் பெயர் எழுதும் ஏடு வரவில்லை.

பெயர் எழுதப்படுவதென்பது சிறிய காரியமா? வழக்கு ஒன்றில் பெயர் ஏறிவிட்டால், பின்னாளில் அரசுப் பணிக்குத் தேர்வாகும்போது காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பில் அது குறுக்கே நிற்கும். முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளையின் வாழ்வு, தெருவிளக்கு எரியாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்படும். அந்த இளைஞர் அன்று வாய் திறவாதிருந்தால் நிகழக்கூடியது இதுவே. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழுதால் மட்டும் போதாது, எதற்காக அழுகிறோம் என்று சொல்லவும் தெரியவேண்டும் என்பதை அவர் நமக்குக் கற்பித்தார். அவர் நம் பள்ளியில் பயின்றவர். அன்று ஆசிரியர் அவராகவும் மாணவர் நாமாகவும் இருந்தோம்.

அன்பார்ந்தவர்களே! தெருவைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. தெருவில் நடக்கும் உரிமையே போராடிப் பெற்றதாகும். 1924 ஆகஸ்டுத் திங்களில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகிய எவ்விடத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் செல்லத் தடையில்லை என்பதே அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாகவும் வெளிவந்தது. மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்கு ஓர் அரசாணை வேண்டியிருந்தது! நூறு ஆண்டுகட்கு முன்னிருந்த நம் பாட்டனாரின் நிலை அது.

மகாராட்டிரத்து மகாடு நகரின் வரலாறு இன்னும் தெளிவாகப் பாடம் கூறும். பொது நீர்நிலைகளை அனைவர்க்கும் திறந்துவிட வேண்டுமென 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதனையொட்டி மகாடு நகராட்சியும் 1924-இல் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது; குளத்தில் நம் மக்களின் கை நனையவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் சென்று அந்நீரைப் பருகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937-இல் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. நகர்மன்றம் தீர்மானம் போடும், திரும்பவும் எடுக்கும்; மக்கள் நேரில் சென்று நின்றால்தான் தீர்மானம் உயிர் பெறும். இதுவே மகாடு தரும் பாடம்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என 15-ஆம் பிரிவில் விதித்தது. 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தமோ, நகராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடமளித்து, அவற்றில் பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. சாலை, குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, பூங்கா, விளையாட்டுத் திடல், குடிசைப் பகுதி மேம்பாடு, நலிந்த பிரிவினரின் நலன் காத்தல் யாவும் அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் வகுக்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைக் கூட்டங்கள் கூட்டப்பெற்றன. கிராமத்தானுக்குக் கிராம சபை இருந்ததுபோல், நகரத்தானுக்கும் ஒரு சபை கிட்டியது.

நம்மவர் மன்றத் தலைமையில் அமர்ந்ததும் உண்டு. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியில் 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்களும், 1945-இல் ந. சிவராஜ் அவர்களும் மேயர் ஆயினர். 2022 மார்ச்சில் ஆர். பிரியா அவர்கள் மேயர் பொறுப்பேற்று, அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண்மணி ஆனார். பெருமைப்படுகிறோம். ஆயினும், மேடையில் நம்மவர் ஒருவர் அமர்வதும், கீழே நம் நூறு பேர் எழுந்து பேசுவதும் வேறு வேறு. முன்னதற்குத் தேர்தல் வேண்டும். பின்னதற்குத் துணிவும் பயிற்சியும் வேண்டும்.

நகரின் தெருக்களைப் பெருக்கியவர்கள் நம் தாய் தந்தையர். எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும் என்பது பொறியாளரைவிட அவர்கட்கே நன்கு தெரியும். அந்த அறிவு மன்றத்தின் காதுக்கு எட்டாமலே போயிற்று. அதனை எட்டச் செய்வது படித்த பிள்ளைகளாகிய உங்கள் கடமை.

எவ்வாறு எட்டச் செய்வது? அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, 'எங்கள் தெருவில் வசதியே இல்லை' என்று பொதுவாகப் பேசாதீர்கள். எத்தனை விளக்கு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை எனக் கணக்கோடு பேசுங்கள். பொதுப்படையான குறைக்குப் பொதுப்படையான மறுமொழியே கிடைக்கும்.

இரண்டாவது, எது யாருடைய பொறுப்பு என அறிந்து பேசுங்கள். விளக்கும் வாய்க்காலும் நகராட்சியுடையவை. மதுக்கடையை அகற்றும் அதிகாரம் நகராட்சிக்கு இல்லை. அம்மனு மாவட்ட ஆட்சியருக்குச் செல்லவேண்டும். மன்றம் அதனை ஆதரித்துத் தீர்மானம் இயற்றலாம். பள்ளியைச் சுற்றி 100 கெசத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பள்ளியருகே பெட்டிக்கடையில் அது விற்கப்படுமாயின், சட்டத்தின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, பேசியதை எழுத்திலும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மறுமொழி வராவிடின் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், 'எம் மனுவின்மீது எடுத்த நடவடிக்கை என்ன?' எனக் கேட்கலாம்; முப்பது நாளில் விடை தரவேண்டும்.

நான்காவது, விலக்கக் கேட்பதோடு நில்லாமல் ஆக்கவும் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டுவரியுடன் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. குடிசைக்காரனும் கட்டும் வரி அது. அவ்வாறாயின் நம் தெருவுக்கு ஒரு படிப்பகம் கேட்பது பிச்சையன்று. இரவு ஒன்பது வரை விளக்கெரியும் படிப்பகமும் ஒரு கைப்பந்துத் திடலும் இருந்தால், முனையில் நிற்கும் கூட்டம் பாதியாகக் குறையும்.

பிறரைக் கேள்வி கேட்பவர் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முனையில் நிற்பவர் அனைவரும் குற்றமற்றவர் என நாம் கூறவில்லை. போகும் பெண்ணை நோக்கிச் சொல்லப்படும் ஒரு சொல், அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும். அவளும் நம் வீட்டுப் பெண்தான். பதினெட்டு நிரம்பாத பையன் இருசக்கர வண்டியை முறுக்கிக்கொண்டு பறக்கிறான். 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அதற்காகப் பெற்றோர்க்கு 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கூலி வேலை செய்யும் தந்தைக்கு அத்தொகை எத்தனை மாத உழைப்பு என எண்ணிப் பாருங்கள். போதைப் பொருளை நாடும் பிள்ளையை மறைப்பது அன்பாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்பு.

ஆசிரியராகிய நம் குறையையும் இம்மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம். அந்த முனையில் நின்றவர்களுள் ஒருவர் பத்தாம் வகுப்போடு நின்றுபோனவர். அவருடைய மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டது நாமே. 'ஏனப்பா போகிறாய்?' என்று அன்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னர் அவரைப் பற்றிக் குறைகூறப்பட்ட மன்றத்திலும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பு இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஆகவே இவ்வெள்ளி விழா நாளில் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். மாலை வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறோம். மாதம் ஒருநாள் மனு எழுதவும் அவையில் எழுந்து பேசவும் சொல்லித் தருவோம். ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்திற்கும் சங்கத்தின் சார்பில் பத்து இளைஞர்களை, அவர்களுள் பாதிப்பேர் பெண்களாக இருக்குமாறு, அனுப்பி வைப்போம். பெரியவர்களாகிய நாம் உடன் செல்வோம். ஆனால் பேசுவது அவர்களாக இருக்கட்டும்.

இளைஞர் செல்வங்களே! உங்களைப் பற்றிப் பேசப்படும் இடத்தில் நீங்கள் இல்லாதிருக்கலாகாது. அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். கையில் கணக்கோடு வாருங்கள். சுவரோரம் நிற்காமல் நாற்காலியில் அமருங்கள். அது நம் வரிப்பணத்தில் வாங்கிய நாற்காலி.