நன்றி நினையும் இரு நாழிகை



காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் உள்ளது திருப்பருத்திக்குன்றம். சினகாஞ்சி எனப் புகழ்பெற்ற இவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலில் 1387-88ஆம் ஆண்டு சங்கீத மண்டபம் எழுப்பியவர் விசயநகர அமைச்சர் இருகப்பர். தம் குரு புட்பசேன முனிவரின் சொற்படி அதனைக் கட்டுவித்தார். ஆட்சிச் சுமைக்கிடையிலும் குருவை மறவாத நெஞ்சின் சான்று அம்மண்டபம்.

கடனும் நோயும் பிள்ளைகளின் எதிர்காலமும் இன்று பல குடும்பங்களை வருத்துகின்றன. வருந்தும் மனம், எல்லாச் சுமையும் தன் ஒருவர் தலைமேல்தான் என்று எண்ணுகிறது. சுமையைவிட அவ்வெண்ணமே மிகுதியும் களைப்பூட்டுகிறது.

அக்களைப்பு நீங்கச் சாமாயிகம் துணைசெய்யும். அதன் அளவு 48 நிமிடம். அதாவது இரு நாழிகை. அமைதியாக அமர்ந்து, மூன்று மூச்சுக்கு ஒருமுறையாகப் பஞ்ச நமஸ்காரத்தை 27 மூச்சில் ஒன்பது முறை நினைத்தல் மரபு. அம்மந்திரம் எதையும் வேண்டுவதில்லை. குணத்தால் உயர்ந்தோரை வணங்குகிறது. அவ்வாறு மனம் அடங்கியபின், அன்று தம்மைத் தாங்கிய உயிர்களை ஒவ்வொன்றாக நினைத்தல் நன்று. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் உணர்த்தும் உண்மை.

காஞ்சித் தறியே இதற்குச் சான்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் அமையும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் அருகில் அமர்ந்து துணை செய்ய இன்னொருவர் வேண்டும். புடவை உடுத்துவோர் அந்தத் துணைக்கையை அறியார். நன்றித் தியானம் அக்கையைக் காணும் பயிற்சி. தனியாக இல்லை என்று தெளிந்த மனத்தில் ஊக்கம் மீளும்.

2003இல் ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கலோவும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பத்து வாரம், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவந்த மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட நம்பிக்கை மிக்கவராய் இருந்தனர் என்பது அதன் முடிவு.

ஆயினும் நன்றி, துன்பத்தை மறைக்கும் திரையன்று. தீரா மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுதலே முறை. மேலும், பட்டு நூலுக்காக உயிரிழந்த புழுக்களை நினைக்கும்போது நன்றி மட்டும் போதாது. மன்னிப்பு வேண்டுதலும் நுகர்வில் அளவு காத்தலும் சேர்ந்தால்தான் அந்நினைவு அறமாகும். பிரதிக்கிரமணமும் பிரத்தியாக்கியானமும் சாமாயிகத்தோடு ஆறு ஆவசியகங்களுள் இடம்பெற்றதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

விழா முடிந்து இல்லம் சேர்வோர், இன்றிரவே விளக்கருகே சிறிது அமர்க. விழாச் சோறு சமைத்த கைகளிலிருந்து அந்நினைவு தொடங்கட்டும்.