குடி தாய்வழி, மரபணு இருவழி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புற்றுநோயில் மரபணுவியலின் பங்கு பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பெரிய தலைப்பு. நாம் ஒரு மூலையை மட்டும் தொடுவோம்.

வினாயகபுரத்திலும் சரி, கல்முனையிலும் சரி, தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுகிறோம். மார்பில் கட்டியோடு வந்த ஒருவரிடம், குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இருந்ததா என்று கேட்டோம். "எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல டொக்டர்" என்றார். அதோடு விட்டுவிட்டோம். பிறகு வார்டுக்குப் பார்க்க வந்த உறவினர் சொல்லித்தான் தெரிந்தது: தகப்பனின் சகோதரிகள் இருவர், நாற்பது வயதுக்கு முன்பே, அதே நோயில் போயிருக்கிறார்கள். அவர் மறைக்கவில்லை. மாமிமார் வேறு குடி அல்லவா? கேள்வியைச் சரியாகக் கேட்காதது நாங்கள்தான்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் மரபணுக்கள் குடி பார்ப்பதில்லை. முதலாவது 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங் 1990இல் காட்டினார். சேதமான டிஎன்ஏயைத் திருத்துவது இவற்றின் வேலை. பழுதான பிரதி தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தகப்பன் சுகமாக இருந்தபடியே மகளுக்குக் கொடுத்துவிடுவார். பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்கள் நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சூலகத்துக்கும் ஆபத்து உண்டு.

எல்லோரும் பயப்படத் தேவையில்லை. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். ஆனால் பழுது இருப்பது தெரிந்தால் எம்ஆர்ஐ பரிசோதனையை இளவயதிலேயே தொடங்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களை அகற்றுவது பற்றி யோசிக்கலாம். நோய் வந்தவருக்கு ஒலாபரிப் போன்ற, இந்தப் பழுதையே குறிவைக்கும் மருந்துகள் உண்டு. விலைதான் நம்மவர்களுக்கு எட்டாதது.

இரத்தத்தை முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரிடம். அவரிடம் பழுது கண்டால், சகோதரிகளிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு இத்துறையில் நெடுங்காலம் வேலை செய்கிறது. இலண்டனிலும் டொரொண்டோவிலும் உள்ள தோழியரே, அங்கும் முதற்கேள்வி குடும்ப வரலாறுதான்.

மகளின் கலியாணம் குழம்பும் என்று மூடிவைக்கும் வீடுகளை நாம் அறிவோம். சம்பந்தக்காரருக்குச் சொல்ல வேண்டாம், மகளுக்குச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு தாள் தருகிறோம். இடப்பக்கம் தாய்வழி, வலப்பக்கம் தகப்பன்வழி. யாருக்கு, என்ன நோய், எத்தனை வயதில் என்று எழுதுங்கள். வலப்பக்கத்துக்கு ஊரிலுள்ள மாமியிடம் தொலைபேசியில் கேட்க வேண்டிவரும்.