பசியை அளந்து வெல்லுதல்

(அட்சய திருதியை விழாவில் ராயப்பேட்டைத் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கென ஆற்றப்பட்ட உரை)

 

ஆதிபகவன் விருஷப தேவர் அரசு துறந்து தீட்சை ஏற்றபோது, அவருடன் 4000 அரசர்களும் துறவு பூண்டனர் என்று ஸ்ரீபுராணம் கூறும். பகவான் ஆறு திங்கள் உணவின்றி யோகத்தில் நின்றார். உடன் துறந்தவர்களால் அவ்வாறு நிற்க இயலவில்லை. பசியும் தாகமும் வாட்ட, கானகத்தில் கிடைத்த கனியையும் கிழங்கையும் உண்டு நெறி பிறழ்ந்தனர். அவர்கள் கோழைகள் அல்லர். நாடாண்டவர்கள், போர்க்களம் கண்டவர்கள். தம் தலைவர்மீது கொண்ட அன்பினால் அவரைப் பின்தொடர்ந்தார்களே அன்றி, தவத்தின் இயல்பையும் தம் ஆற்றலின் அளவையும் அறிந்து தொடங்கினார்களில்லை. அதுவே அவர்கள் தளர்ச்சிக்குக் காரணம்.

யோகம் முடித்த பகவான், பின்வரும் முனிவர்களுக்கு உணவு ஏற்கும் முறையைக் காட்டும் பொருட்டு ஊர்தோறும் சென்றார். உடலைச் சுவைகளால் கொழுக்க வைத்தலும் தகாது, வீணே வருத்தி அழித்தலும் தகாது என்பதே அச்செலவின் கருத்து. முனிவர்க்கு எதை ஈவது என்று அறியாத மக்கள் மணிகளையும் யானை குதிரைகளையும் கொண்டுவந்து நீட்டினர். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் அளித்த கருப்பஞ்சாற்றைப் பகவான் தம் கரங்களில் ஏற்றருளினார். அந்நாளே இந்த அட்சய திருதியை.

பசி என்பது 4000 அரசர்களைத் தளரச் செய்த ஆற்றல். இதை மனத்திற்கொண்டால், உடல் எடையைக் குறைக்கக் கலோரிக் கணக்குப் பார்த்து உண்ணத் தொடங்கி, பத்தாம் நாள் பசி தாளாமல் கைவிட்டவரை இல்லத்தார் எள்ளி நகையாட மாட்டார்கள். அத்தகையோர் இன்று பல இல்லங்களில் இருக்கின்றனர். அவர்கள் பசியை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் தேவையைக் காண்போம். சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 39.5 விழுக்காட்டினர்க்கு வயிற்றுப் பருமனும் உள்ளன என்று அது காட்டியது. இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆடவரில் 90 சென்டிமீட்டரையும் பெண்டிரில் 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. ஊன் உண்ணாமை ஒன்றே உடலைக் காக்கும் என்று எண்ணுதல் பிழை. நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் வெள்ளரிசியும் சைவ உணவே.

உணவைக் கலோரியால் அளக்கும் முறை அயல்நாட்டு வழக்கம் என்று ஒதுக்கத் தக்கதன்று. தமிழ்நாட்டுச் சமையலறைப் பண்டங்கள் இந்நாட்டு மலையொன்றிலேயே அளக்கப்பட்டன. நீலகிரிக் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து, 1937இல் ஆய்க்ராய்டு என்பவர் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அவ்வாய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பது அடிப்படைக் கணக்கு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு.

கணக்கு எளிது, பசி எளிதன்று. அதன் இயல்பை அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையைக் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது, பிற உயிரைக் கொல்ல மாட்டோம் என்று படையில் சேர மறுத்த இளைஞர்கள் சிலர் இருந்தனர். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு உணவளிக்கும் முறையை அறிவதற்காக, அவர்களுள் 36 பேர் தம் உடலையே சோதனைக்குத் தந்தனர். ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1570 கலோரி மட்டுமே அளித்தார். அதற்குமுன் அவர்கள் உண்டது சுமார் 3200 கலோரி. உணவு பாதியாயிற்று, நடையோ வாரத்திற்கு 22 மைல்.

அகிம்சைக்காகச் சமூகத்தின் பழிச்சொல்லையே தாங்கிய உறுதியாளர்கள் அவர்கள். எனினும் நாளாக நாளாக அவர்கள் பேச்சும் கனவும் உணவைப் பற்றியனவாகவே ஆயின. சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர், தட்டை நக்கினர், சிறு சொல்லுக்கும் சினந்தனர், கோடையிலும் குளிரால் நடுங்கினர். உணவு மீண்டும் கிடைத்த பின்னரும் சிலர்க்கு எவ்வளவு உண்டும் பசி தீரவில்லை. அவர்கள் தொடக்கத்தில் பருமனற்றவர்கள் என்பதால் இச்சோதனையை இன்றைய நிலைக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆயினும் ஒன்று தெளிவு: உணவைத் திடீரெனப் பாதியாக்கினால் வரும் உணவு வேட்கையும் சினமும் உடலின் எதிர்வினை, குணக்கேடு அன்று.

பின்வந்த ஆய்வுகள் இதற்குக் காரணம் கூறின. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் 1994இலும், இரைப்பை சுரக்கும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. முன்னது போதும் என்னும் செய்தியையும், பின்னது பசி என்னும் செய்தியையும் மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. எடை குறைந்தால் லெப்டின் தாழ்ந்து கிரெலின் உயர்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த உணவில் எடை குறைத்தனர். ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களின் பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எடை குறைத்தவர் மீண்டும் பெருக்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்ஙனமாயின் வழி யாது? புறத்தவம் ஆறு என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கும். அவற்றுள் முதல் நான்கு உணவைப் பற்றியவை: உண்ணாதிருக்கும் அனசனம், குறைத்துண்ணும் அவமௌதரியம், முன்கூட்டியே வரையறை செய்துகொள்ளும் விருத்தி பரிசங்கியானம், சுவைகளை விடும் ரசபரித்தியாகம். இவை கன்மம் தேயச் செய்யும் தவங்கள்; எடை குறைப்பு அவற்றின் நோக்கமன்று. ஆனால் பசியோடு பழகிய முன்னோர் வகுத்த ஒழுங்கிலிருந்து, உடல்நலம் கருதி உணவைக் குறைப்போர் கற்றுக்கொள்ளலாம். அவர்களில் பலர் அனசனத்தைப் போன்ற முழுப் பட்டினியில் தொடங்கித் தோற்கின்றனர். அவர்களுக்கு உதவுவன அடுத்த மூன்று.

அவமௌதரியம் என்பது வயிற்றைச் சிறிது குறையாக விடுதல். ஆடவர்க்கு 32 கவளமும் பெண்டிர்க்கு 28 கவளமும் நிறைவான உணவு. அதில் ஒரு கவளம் குறைப்பினும் அது அவமௌதரியமே என்பது ஆகம வழக்கு. கலோரி என்னும் சொல் பிறக்கும் முன்னரே உணவை எண்ணிக் குறைத்த நெறி இது. 32இல் 6 கவளம் குறைத்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு அது 375 கலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய 7700 கலோரி அடங்கியிருப்பதால், இக்குறைப்பு தொடக்கத்தில் மூன்று வாரத்திற்கு ஒரு கிலோ அளவில் பயன் தரும். போகப்போக அவ்வேகம் தணியும். மெல்லத்தான் நிகழும், ஆயினும் பசி தாங்கும் அளவில் இருக்கும்.

ரசபரித்தியாகம் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விடுவது. கலோரிக் கணக்கின் நுட்பம் இங்கேதான் உள்ளது. நாளுக்கு மூன்று காபியில் இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரை இடுபவர் அதனை விட்டால் 120 கலோரி குறையும். தாளிப்பிலும் பொரியலிலும் நான்கு தேக்கரண்டி எண்ணெய் குறைந்தால் ஏறக்குறைய 160. சோற்றில் வார்க்கும் இரண்டு தேக்கரண்டி நெய்யை விட்டால் 80. ஆக 360 கலோரி. இலையில் சோறும் குழம்பும் கூட்டும் அளவு குறையாமலே இது கைகூடும். வயிறு வெறுமை அறியாது. புரதம் தரும் பாலையும் தயிரையும் நாள்தோறும் விடுதல் ஊன் உண்ணாதார்க்கு ஏற்றதன்று; ஆடை நீக்கிப் பயன்படுத்துதலே சால்புடையது.

விருத்தி பரிசங்கியானத்தின் பாடம், உண்ண அமரும் முன்பே முடிவு செய்தல். முனிவர் இத்தனை இல்லம், இவ்வகை உணவு என்று உறுதி கொண்டு புறப்படுவார். இல்லறத்தார் காலையிலேயே அன்றைய உணவை வரையறுக்கலாம். பசித்த பின் எடுக்கும் முடிவைப் பசியே எடுக்கிறது. அரிசியையும் பருப்பையும் ஆழாக்கால் அளந்து, ஒருமுறை தராசிலும் நிறுத்துப் பார்த்துவிட்டால், சில வாரங்களில் கண்ணே அளவு சொல்லும். நாள்தோறும் எண்ணிக் கொண்டிருக்கத் தேவையில்லை.

வயிற்றை நிறைப்பனவற்றை முதலில் உண்ணுதல் நன்று. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, அவரைக்காய், கொத்தவரங்காய் போன்றவற்றில் நீரும் நாரும் மிகுதி, கலோரி குறைவு. துவரை, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவை புரதத்தால் நெடுநேரம் பசி தாங்கும். முளைவிட்ட பயறு கொள்ளாதார் வேகவைத்ததை உண்ணலாம். எடை குறைய வெந்நீரில் தேன் கலந்து பருகுமாறு அண்டை அயலார் பரிந்துரைப்பர். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்கியவர்க்கு அதனால் இழப்பேதும் இல்லை. தேனும் பெரும்பாலும் சர்க்கரையே.

இரவுண்ணா நோன்பு உடையோர்க்குத் தனி இடர் ஒன்று உண்டு. சென்னையில் கதிரவன் மறைவது பருவத்திற்கேற்ப மாலை ஏறக்குறைய 5.40 முதல் 6.40 வரை. அண்ணா சாலை அலுவலகத்தில் பணிபுரிபவர் நெடுஞ்சாலை நெரிசலில் ராயப்பேட்டை மணிக்கூண்டைக் கடக்கும்போதே இருட்டிவிடுகிறது. மதியம் குறைத்து உண்டு, மாலையும் உண்ணாமல் வந்தவர்க்கு இரவுப் பசி கொடிது. ஒன்று நோன்பு முறியும், அல்லது மறுநாட் காலை உணவு இருமடங்காகும். இத்தகையோர் குறைப்பை மதிய உணவில் செய்யலாகாது. மதிய உணவை நிறைவாக்கி, மாலை 5 மணிக்கு உண்ணச் சுண்டலும் தயிர்ச் சோறும் இரண்டாம் டப்பாவில் எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரவில் நீரும் விலக்குவோர் பகலிலேயே போதிய நீர் பருகிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பசி வரும். கிரெலின் வழக்கமான உணவு வேளையை ஒட்டி உயர்ந்து, உண்ணாவிடினும் சிறிது நேரத்தில் தாழும் இயல்புடையது. ஆகவே நேரமல்லா நேரத்துப் பசி அலைபோல் எழுந்து அடங்கும். அவ்வேளை சாமாயிகத்தில் அமர்வதும், பஞ்ச நமஸ்காரம் ஓதுவதும், சிறிது நடப்பதும் துணை செய்யும். எது கிடைப்பினும் உண்ணலாம் என்று தோன்றினால் அது வயிற்றின் பசி. முறுக்கு மட்டும் வேண்டும் என்று தோன்றினால் அது நாவின் விருப்பம். முன்னதற்கு உணவு தருக. பின்னதற்குக் காலம் தருக.

இனி ஓர் எச்சரிக்கை. எடை குறைப்பதை நோன்பு என்று பெயரிட்டு அழைத்தல் இரண்டுக்கும் தீங்கு. கசாயங்களை விடாமல் உணவை மட்டும் விடுதல் லங்கணம், உபவாசம் அன்று என்பர் ஆசாரியர். உலகப் பயன் கருதிய தவத்தை நிதானம் என்னும் முள்ளாகக் காட்டுவர். எடை குறைப்பு மருத்துவம். அதை மருத்துவமாகவே செய்க. அட்டமி, சதுர்த்தசி உபவாசத்தை அறமாகவே செய்க. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்வோர் மருந்தின் அளவை மாற்றாமல் உணவைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மயக்கமுறலாம். அவர்களும், கருவுற்றோரும், பாலூட்டுவோரும், முதியோரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது.

இளம்பெண் ஒருத்தி அடுத்தடுத்து உபவாசம் இருந்தால் இல்லத்தார் பக்தி என்று மகிழ்வர். அவள் மெலிந்துகொண்டே சென்று, மாதவிலக்கு நின்று, எப்போதும் குளிர்கிறது என்று கூறி, உணவைக் கண்டு அஞ்சினால், அது பக்தியன்று, நோய். பாராட்டை நிறுத்தி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோரின் கடமை. சக்திக்கேற்ற தவம் என்பதைப் பதினாறு பாவனைகளுள் ஒன்றாகச் சமயமே வைத்துள்ளது. சக்தியை மீறிய தவத்தை அறம் கேட்கவில்லை.

குடும்பத்தார்க்கும் பங்கு உண்டு. குறைத்துண்பவர் இலையில் “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது. அவர் ஒருநாள் தவறினால் ஏளனம் வேண்டா. மறுநாள் மீண்டும் தொடங்கத் துணை நிற்க. ஒருவர்க்கெனத் தனிச் சமையல் செய்வதினும், இல்லம் முழுவதும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்தல் எளிது, அனைவர்க்கும் நன்று.

இன்று பிரசாதமாக வழங்கப்படும் கருப்பஞ்சாற்றை நீரிழிவு உடையோர் ஒரு மிடறு ஏற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும். புண்ணியம் அளவால் குறைவதில்லை. பகவான் அத்தினாபுரத்தில் ஏற்றதும் தம் இரு கைகளிலேயே. கைகளே கலமாக, ஒருவேளை நின்றுண்ணும் முனிவர்களின் வழக்கம் இன்றும் அதை நினைவூட்டுகிறது. அந்த அளவறிவு ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெறுக. உடலும் அறமும் ஒருங்கே தழைத்து ஓங்குக.

வாழ்க அறம்.