கைப்பேசிச் செயலிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



தோட்டத்துக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சவுக்காரம் எல்லாம் கடைக்காரரின் புத்தகத்தில் ஏறும். வாங்குகிறபோது கையிலிருந்து காசு போகாது. காசு போகாததால் எவ்வளவு வாங்கினோம் என்பதும் தெரியாது. சம்பள நாளன்று அவர் புத்தகத்தைப் பிரித்துக் கூட்டிச் சொல்லும்போதுதான், "இவ்வளவா?" என்று திகைத்து நிற்போம்.

அந்தப் பற்றுப் புத்தகம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. தோட்டத்தில் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானுக்குக் குடிவந்துவிட்டவர்களும் இப்போது ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அதே போன்ற புத்தகம் ஒன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இன்றைய கைப்பேசியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயலி உண்டு. செய்தி அனுப்ப ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, விளையாட ஒன்று. பிள்ளைகள் 'ஆப்' என்று சொல்வது இதைத்தான். இவற்றில் சில விலைக்குக் கிடைக்கின்றன. மிகப் பல இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு செயலிக்கு மனிதர்கள் எவ்வளவு பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்? எவ்வளவு கொடுப்பது நியாயம்? இதுதான் நம் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் சிங்கப்பூர்த் தேக்காவில் இருந்தோம். லிட்டில் இந்தியா என்று சொல்லும் பகுதி அதுதான். சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் கால் வைக்க இடமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம். ஜொகூர்ப் பாலம் கடந்து ஆலை வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் மறு பக்கம். தேக்கா நிலையத்து உணவுக் கடைகளின் நடுவே, நம் மேசைக்கு எதிரே ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாயார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். ஆங்கிலம் பழகுவதற்காகக் கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருந்தார். இரண்டு சொல் படிப்பதற்குள் ஒரு விளம்பரம் குறுக்கே வந்தது.

"விளம்பரம் இல்லாமல் கிடைக்காதா தம்பி?" என்று கேட்டோம்.

"கிடைக்கும் ஐயா. ஒரு தடவை ஒன்றரை வெள்ளி கட்டணுமாம். எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் முன்னால் இரண்டு குவளைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று வரவேண்டிய நண்பருக்கு. அவற்றுக்கு அவர் கொடுத்தது ஒன்றரை வெள்ளியைவிட அதிகம். தேநீர் அரை மணியில் தீர்ந்துபோகும். பாடம் வருஷக் கணக்கில் இருக்கும். ஆனாலும் தேநீருக்கு யோசிக்காத கை, பாடத்துக்கு யோசித்தது.

இது அவர் ஒருவருடைய குணம் அன்று. உலகத்தின் குணமே இதுதான். ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையை 2008 ஜூலை 10-ஆம் தேதி திறந்தது. அன்று அதில் இருந்தவை 500 செயலிகள். விலை போட்டவற்றில் பல 99 அமெரிக்க சென்ட்டுக்கு விற்றன. அடுத்த மாதமே ஒருவர் 'ஐ ஆம் ரிச்', அதாவது 'நான் பணக்காரன்' என்று ஒரு செயலியை 999 டாலர் 99 சென்ட் விலையில் வைத்தார். அது செய்யும் வேலை என்ன தெரியுமா? ஒரு சிவப்புக் கல்லின் படத்தைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ஒரே நாளில் கடையிலிருந்து அது அகற்றப்பட்டது. அதற்குள் 8 பேர் வாங்கியிருந்தார்கள்! அப்படிக் கொடுப்பவர் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். மற்றவர்களோ ஒரு டாலருக்கே தயங்கினார்கள். தேநீரைக் கையில் பிடிக்கலாம், குடித்து ருசி பார்க்கலாம். செயலியைத் தொட முடியாது. அதோடு, பக்கத்திலேயே அதே வேலையைச் செய்யும் இலவசச் செயலி ஒன்று நிற்கிறது. அப்படியிருக்கப் பணம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இந்தத் தயக்கத்தை விற்பவர்கள் நன்றாகக் கண்டுகொண்டார்கள். "விலை சொன்னால் ஓடுகிறான், ஆகவே விலையைச் சொல்லாமல் வாங்குவோம்" என்று வழி தேடினார்கள். கடையின் முகப்பில் 'இலவசம்' என்று எழுதினார்கள். பணம் வாங்கும் வாசலைப் பின்பக்கம் வைத்தார்கள். அந்த வாசல்கள் மூன்று.

முதல் வாசல், கூட்டம். வாட்ஸ்அப் செயலி நமக்கெல்லாம் தெரியும். ஒரு காலத்தில் அதற்குக் கட்டணம் இருந்தது. முதல் வருஷம் இலவசம், பிறகு வருஷத்துக்கு 99 அமெரிக்க சென்ட். 2016 ஜனவரியில் அந்தக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2014-இல், ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது வாட்ஸ்அப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 42 டாலருக்கு மேல் வருகிறது. நாம் ஒரு டாலர் கொடுக்க யோசித்தோம். நம் தலைக்கு 42 டாலர் விலை போட்டு வாங்கினார்கள். கூட்டம் கூடும் இடத்துக்குத்தானே சந்தையில் மதிப்பு! விளம்பரம் காட்டும் இலவசச் செயலிகளும் இப்படித்தான். அங்கே விற்கப்படுவது நம் கவனமும் நம் விவரங்களும்.

இரண்டாவது வாசல், விளையாட்டுக்குள் விற்பனை. விளையாட்டு இலவசம். ஆனால் நடுவில் ஒரு வாளோ, பவளமோ, பழமோ வேண்டுமென்றால் காசு. விளையாடுவோரில் மிகச் சிலரே இதற்குப் பணம் கட்டுகிறார்கள். வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சிலரிடமிருந்தே வருகிறது. அந்தச் சிலரில் குழந்தைகளும் உண்டு என்பதுதான் வேதனை. பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல்லைப் போட்டுக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு 15 நிமிஷம் வரை குழந்தை எதை வாங்கினாலும் மறுபடி கேள்வி கேட்காத முறை ஒரு சமயம் இருந்தது. அமெரிக்காவில் ஒரு சிறுமி ஒரே விளையாட்டில் 2,600 டாலர் செலவழித்துவிட்டாள். அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் தலையிட்டது. 2014 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைப் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

மூன்றாவது வாசல், சந்தா. நாம் தொடக்கத்தில் சொன்ன பற்றுப் புத்தகம் இதுதான். "ஏழு நாள் இலவசம்" என்பார்கள். ஆனால் வங்கி அட்டையின் எண்ணை முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் நாள் முதல் மாதாமாதம் பணம் தானே போகும். தோட்டத்துக் கடைக்காரராவது நம் முன்னால் புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவார். இங்கே புத்தகத்தை நாமே தேடிப் பார்த்தால்தான் உண்டு.

தேக்காவில் சந்தித்த இளைஞரிடம், "உங்கள் சந்தாப் பட்டியலைத் திறந்து பாருங்களேன்" என்றோம். அப்படியொரு பட்டியல் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. திறந்தார். புகைப்படத்தை அழகுபடுத்தும் ஏதோ ஒரு செயலி, மாதம் 10 வெள்ளி, பதினோரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அதை அன்னைக்கே அழிச்சிட்டேனே ஐயா!" என்றார்.

செயலியை அழித்தால் சந்தா நிற்பதில்லை, நேயர்களே. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதை நிறுத்தினால் பற்று தானே தீர்ந்துவிடுமா? சந்தாவைத் தனியே ரத்துச் செய்தாக வேண்டும்.

அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். 110 வெள்ளி. சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா கண்ணாடி மாத்தணும்னு மூணு மாசமா சொல்றாங்க ஐயா. அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்."

ஒன்றரை வெள்ளியைக் கொடுக்க மறுத்தவர் 110 வெள்ளியைத் தெரியாமலே கொடுத்திருந்தார். வெளிப்படையாகக் கேட்கும் விலையைக் கண்டு அஞ்சுகிறோம். மறைத்து எடுக்கும் விலையைக் காணாமலே இருந்துவிடுகிறோம். நமக்கு நஷ்டம் இந்த இடத்தில்தான்.

இதைவிடக் கொடியதும் ஒன்று உண்டு. 2023-இல் சிங்கப்பூரில் பலர் இப்படிப் பணம் இழந்தார்கள். வீடு துப்புரவு செய்வதாகவும், உணவுப் பொருளை மலிவாகத் தருவதாகவும் விளம்பரம் வரும். கேட்டால், "இந்தச் செயலியை இறக்கிக்கொண்டு, சில வெள்ளி முன்பணம் கட்டுங்கள்" என்று ஓர் இணைப்பை அனுப்புவார்கள். அது செயலிக் கடையில் இல்லாத செயலி. உள்ளே வந்ததும் கைப்பேசியையே தன் வசமாக்கிக்கொண்டு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். சில வெள்ளி என்பது தூண்டிற் புழு. போவது சேமிப்பு முழுவதும். ஆகவே கடைக்கு வெளியே, யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

அப்படியானால் இலவசம் எல்லாமே மோசமா? இல்லை. சிங்கப்பூரில் மோசடி அழைப்புகளைத் தடுக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு செயலி 2020-இல் வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது. 2023 நவம்பர் முதல் சிங்கப்பூரின் பேநவ் முறையும் மலேசியாவின் டூயிட்நவ் முறையும் இணைக்கப்பட்டுள்ளன. அதில் சேர்ந்துள்ள வங்கிகளில் கணக்கு இருந்தால், தொலைபேசி எண்ணை வைத்தே தாய்க்குப் பணம் அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பும் கடையில் வரிசை பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் பணம் அனுப்பும் செயலி எதுவானாலும் 'கட்டணம் இல்லை' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், மாற்று விகிதத்தையும் பாருங்கள். சந்தையில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் 30 சென் என்று வைத்துக்கொள்வோம். செயலி 3 ரிங்கிட் 25 சென் கொடுத்தால், 500 வெள்ளி அனுப்பும்போது 25 ரிங்கிட் குறைகிறது. கட்டணம் என்று எழுதாத கட்டணம் அது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. செயலி செய்பவரும் ஓர் உழைப்பாளியே. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய செல்லினம் 2005 ஜனவரியில் சிங்கப்பூரில் அறிமுகமானது. கைப்பேசியில் தமிழிலேயே செய்தி எழுத அது வழி செய்தது. பின்னால் திறன்பேசிகளுக்கும் வந்து, பலருக்கு விலையின்றியே பயன்பட்டது. இப்படிப்பட்ட வேலைக்குப் பின்னால் எத்தனை வருஷ உழைப்பு இருக்கும்! ஒன்றரை வெள்ளிக்கு விற்கும் செயலியிலும் முழுத் தொகை செய்தவருக்குப் போவதில்லை. கடை நடத்தும் நிறுவனம் 100-க்கு 15 முதல் 30 வரை எடுத்துக்கொள்வது வழக்கம். விடியுமுன் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு, உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலையை நேராகச் சொல்லி, ஒரே முறை வாங்கி, நமக்குப் பயன்படும் பொருளைக் கொடுப்பவருக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

ஆகவே, தாய்மார்களே, இளைஞர்களே, வீட்டில் இப்படி ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். செயலிக்கென்று மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைக் குடும்பமாக முடிவு செய்யுங்கள். அது இரண்டு வெள்ளியாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். சம்பள நாள்தோறும் சந்தாப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆண்டிராய்டு கைப்பேசியில் பிளே ஸ்டோரின் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால், பணம் செலுத்தும் பகுதியில் அது இருக்கும். ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டால் கிடைக்கும். வேண்டாததை ரத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் அல்லது விரல்ரேகை கேட்கும்படி வைத்துவிட்டுப் பிறகு குழந்தையிடம் கொடுங்கள். பிளே ஸ்டோரில் தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

அந்த இளைஞர் அன்று நம் எதிரிலேயே சந்தாவை ரத்துச் செய்தார். பிறகு ஆங்கிலப் பாடச் செயலியைத் திறந்து, ஒன்றரை வெள்ளியைக் கட்டினார். அதற்குள் நண்பரும் வந்து சேர்ந்தார், தேநீர்தான் ஆறிப்போயிருந்தது. எழுந்து போகும்போது, "அடுத்த வாரம் ஊருக்குப் போறேன் ஐயா. அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போகணும்" என்றார்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் அந்தப் பற்றுப் புத்தகத்தை ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.