இசை இதழின் முகப்பு

காதால் கேட்க வேண்டிய ஒன்றைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? இசைக்கென்றே நடைபெறும் ஓர் இதழின் முகப்பு அட்டையை அமைப்பவர் முன் நிற்கும் கேள்வி இதுவே. வானொலியில் குரல் உண்டு, முகம் இல்லை. அட்டையில் முகம் உண்டு, குரல் இல்லை. ஆதலால், குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு அட்டையைப் பற்றிப் பேசுவதும் ஒருவகையில் பொருத்தமே.

பயண நூலின் அட்டையில் மலையையோ கடலையோ வரைந்துவிடலாம். இசை இதழின் ஓவியருக்கு அந்த வசதி இல்லை. வீணையை வரைந்தால் கண்ணுக்குத் தெரிவது மரமும் தந்தியுமே. பாடகரை வரைந்தால் தெரிவது அவருடைய முகமே. இசை அவ்விரண்டிலும் அகப்படாமல் நழுவிவிடுகிறது. ஆகவே ஓவியர் எதையேனும் ஒன்றைத் தேர்ந்து, இசைக்குப் பதிலாக நிறுத்துகிறார். அவர் எதை நிறுத்துகிறார் என்பதைக் கொண்டு, இசை யாது, அது யாருக்கு உரியது என்று அவ்விதழ் எண்ணுவதை நாம் அறிந்துகொள்ளலாம்.

முதலில் எழுத்தை நிறுத்திய இதழ் ஒன்றைக் காண்போம். 1927-ஆம் ஆண்டில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாடமி, தோன்றியது. 1930 முதல் அச்சபை ஓர் ஆராய்ச்சி இதழை வெளியிடலாயிற்று. வடமொழிப் பேரறிஞர் டாக்டர் வே. ராகவன் பல்லாண்டுகள் அதன் பதிப்பாசிரியராக விளங்கினார். அவர் காலத்துத் தொகுதிகளின் முகப்பில் எழுத்தே ஆட்சி செய்கிறது. எந்த வித்வானுடைய முகமும் அங்கே இல்லை.

மேலே பெரிய ஆங்கில எழுத்தில் இதழின் பெயர். அதன்கீழ், இசையின் சாஸ்திரமும் கலையும் வளர்வதே நோக்கம் என்னும் அறிவிப்பு. பிறகு தொகுதி எண்ணும் ஆண்டும். அவற்றை அடுத்து நாகரி எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். அடியில் பதிப்பாசிரியர் பெயரும் சபையின் பெயரும். கோபுர வாயிலில் தொடங்கிப் பிராகாரங்களைக் கடந்து கருவறையை அடைவது போல, நம் கண் பெயரிலிருந்து சுலோகத்துக்கு இறங்குகிறது.

இவ்வடுக்கில் நுட்பம் ஒன்று உண்டு. நோக்கத்தைக் கூறும் வரியில் சாஸ்திரம் முன்னும் கலை பின்னும் வைக்கப்பட்டுள்ளன. சுலோகமோ வேறு பேசுகிறது. இறைவன் நாரதரிடம், தன் இருப்பிடம் வைகுண்டமோ யோகியர் நெஞ்சமோ அன்று, அடியார் பாடும் இடமே என்று கூறுவதாக அதன் கருத்து அமைந்திருக்கிறது. மேல்வரி அறிவைப் போற்றுகிறது. கீழ்வரி பாட்டை அரியணையில் ஏற்றுகிறது. ஆராய்ச்சி எவ்வளவு ஓங்கினாலும் அது பாடும் இடத்துக்குப் பணிசெய்ய வந்ததே என்பதை, படம் ஏதும் இன்றியே அவ்வட்டை உணர்த்திவிடுகிறது.

ஆயினும் ஒரு குறை தோன்றுகிறது. அட்டையில் எம்மொழி பேசுகிறதோ அம்மொழி அறிந்தவருக்கே அழைப்பு. வெளிநாட்டு அறிஞரையும் எட்ட விரும்பிய இதழுக்கு ஆங்கிலம் வேண்டியதே. ஆனால் உள்ளே அரிய கீர்த்தனைகள் சுரக் குறிப்போடு வெளிவந்தன. அவற்றால் பெரும்பயன் பெறக்கூடியவன், தமிழன்றிப் பிறமொழி அறியாத ஓர் இளம் நாகசுரக்காரன் என்று வைத்துக்கொள்வோம். அட்டையைக் கண்டதும், வாயில் தனக்குத் தாழிடப்பட்டிருப்பதாகவே அவன் கருதுவான்.

அடுத்து முகத்தை நிறுத்தும் முறை. 1983-இல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய 'சுருதி' என்னும் ஆங்கிலத் திங்களிதழ், இசைக் கலைஞர், நடனக் கலைஞர் ஆகியோரின் புகைப்படங்களை முகப்பில் தாங்கி வந்தது. நாம் கேட்டு மகிழ்ந்த குரலுக்கு உரியவரைக் கண்டவுடன் கை இதழை நோக்கி நீள்கிறது. இது முகத்தின் ஆற்றல். ஆனால் முகத்தை அணுகி எடுத்த எந்தப் படத்திலும் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுபவர் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். சுருதி தருபவரோ அவரே! முகம் பெரிதாக ஆக, பாட்டைத் தாங்கும் பிறர் மறைந்துபோகின்றனர்.

முகம் கிடைக்காதவர்களும் உண்டு. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. சியாமா சாஸ்திரிகள் 1827-லும் முத்துசாமி தீட்சிதர் 1835-லும் மறைந்துவிட்டனர். மும்மூர்த்திகள் என்றதும் இன்று நம் கண்முன் தோன்றும் உருவங்கள் பெரும்பாலும் எஸ். ராஜம் அவர்களின் தூரிகையிலிருந்து பிறந்தவை. அவர் தாமே சிறந்த பாடகர்; சென்னை வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். பாடத் தெரிந்த ஒருவர் பாட்டிலிருந்து முகத்தைக் கண்டெடுத்தார் என்றே சொல்லலாம்.

மூன்றாவது முறைக்கு நான் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நான் வாழும் திருவண்ணாமலையிலேயே அது இருக்கிறது. பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்த ராஜகோபுரத்தைக் கடந்து, வல்லாள மகாராஜன் கோபுரத்தையும் தாண்டினால், கிளிக் கோபுரம் நம்மை எதிர்கொள்ளும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் தம் உடலை விட்டுக் கிளி உருவில் புகுந்து பாடினார் என்பது இவ்வூர் வழங்கும் வரலாறு. அதன் அடையாளமாகக் கோபுரத்தில் ஒரு கிளி அமர்ந்திருக்கிறது. திருப்புகழின் சந்தத்தைச் சுதையில் வடிக்க இயலுமா? இயலாது. ஆனால், உடல் போயிற்று, குரல் நின்றது என்னும் செய்தியைச் சொல்ல ஒரு சிறு பறவை போதுமானதாயிற்று. எழுத்தறியாதவரும் அண்ணாந்து பார்த்துப் புரிந்துகொள்கின்றனர். ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் கடந்து செல்லும் அவ்வாயிலை, ஒரு பாவலருக்கு அமைந்த முகப்பு என்றே நான் கருதுகிறேன்.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் அட்டையைச் சோதிக்கும் வழி தெளிவாகிறது. எழுத்து, நோக்கத்தைச் சொல்ல வல்லது. ஆனால் படிக்கத் தெரிந்தவரோடு நின்றுவிடும். முகம் அன்பை ஈர்க்கும். ஆனால் புகழ் பெற்றவரோடு நின்றுவிடும். குறியீடு அனைவரையும் எட்டும். ஆனால் அதன்பின் ஊரார் அறிந்த ஒரு கதை வேண்டும். கதையற்ற வீணையும், பொருளற்ற தாமரையும் வெறும் அலங்காரமாகவே முடியும்.

இனி ஒரு தமிழிசை இதழுக்கு அட்டை அமைக்கும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இது. பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து கொள்ளுங்கள்: தவிற்காரர் விரலில் அணியும் கூடாக இருக்கலாம், ஓதுவார் கைத்தாளமாக இருக்கலாம். எஞ்சிய இடத்தை நிரப்பத் துடிக்க வேண்டா. பாட்டில் கார்வை எப்படியோ, அட்டையில் வெற்றிடம் அப்படி. அங்கேதான் பார்ப்பவர் தம் மனத்தில் உள்ள பாட்டைக் கேட்கத் தொடங்குகிறார். அவ்வாறு கேட்கச் செய்யும் முகப்பே இசைக்கு உரிய முகப்பு.