வாடகை உயர்வும் எழுத்து ஒப்பந்தமும்
(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலவனத்தத்திலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலும் நம்மவருள் பலர் பல்லாண்டுகளாக ஒரே வாடகைக் கடையை நம்பிப் பிழைத்து வருகிறோம். இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தாலும் தறி நின்றாலும் வியாபாரம் படுத்துவிடும். அவ்வேளையில், "அடுத்த மாதம் முதல் வாடகை இரட்டிப்பு" என்னும் சொல் வந்து விழுமாயின் குடும்பமே நிலைகுலைகிறது. "தகப்பனார் காலத்திலிருந்தே இருக்கிறோம், நம்மை யார் அசைப்பார்?" என்னும் நம்பிக்கை இன்று போதுமா என்பதே நம் கேள்வி.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்றொரு வரம்பு இருந்தது. கட்டடம், மனை ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு வீட்டுக்கு 9 விழுக்காடும் கடைக்கு 12 விழுக்காடும் வாடகையாக நிர்ணயிக்கப்பட்டன. அச்சட்டம் இன்று இல்லை. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. அருப்புக்கோட்டை போன்ற நகரங்களில் கடை வைத்திருப்போர் இதனை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

புதிய சட்டத்தில் வாடகையைத் தீர்மானிப்பது ஒப்பந்தமே. அவ்வொப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். குறிப்பிட்ட காலத்திற்கு எழுதிக்கொண்டால், உயர்வு இவ்வளவு என்று அதில் கூறப்பட்டிருந்தாலன்றி இடையில் வாடகையை ஏற்ற இயலாது. ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடில், உயர்த்துவதற்கு மூன்று மாதங்கள் முன்னரே எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். தகராறு எழுந்தால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். நெருக்குவதற்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்தவும் கூடாது.

ஆனால், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கோரவும் இச்சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, வாய்ப்பேச்சை நம்பியிருப்பது பாதுகாப்பன்று, அதுவே ஆபத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறை (2:282) பணிப்பதை நாமறிவோம். வாடகையிலும் அவ்வொழுக்கத்தைக் கைக்கொள்வோமாக. மாதந்தோறும் ரசீது பெறுவோம். உயர்வு கேட்கப்பட்டால் கோபித்து வாடகையை நிறுத்திவிடாமல், பழைய வாடகையைத் தவணை தவறாது செலுத்திக்கொண்டே பேசுவோம். ஒரேயடியாக ஏற்றுவதை ஆண்டுக்காண்டு படிப்படியாக ஏற்றுமாறு கேட்டு, இசைந்ததை எழுதிக்கொள்வோம்.

ஜமாஅத்துகளும் கட்டட உரிமையாளர்களே என்பதை நாம் மறத்தல் ஆகாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பொது அறநிலையங்களின் கட்டடங்களுக்குத் தமிழக அரசு 1976இல் பழைய சட்டத்திலிருந்து விலக்களித்தது. 1984இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. பதிவு பெற்ற வக்ஃபுக் கட்டடங்களுக்குப் புதிய சட்டமும் பொருந்தாது. அறநிலைய வருவாய் குன்றக் கூடாது என்பது நியாயமே. மதரஸாவும் ஏழைகளும் அதனை நம்பியுள்ளனர். எனினும், சட்டம் நம்மைக் கேள்வி கேட்காத இடத்தில் மனச்சாட்சி கேட்கும். பிற உரிமையாளரிடம் நாம் எதிர்பார்க்கும் முன்னறிவிப்பையும் படிப்படியான உயர்வையும் எழுத்து ஒப்பந்தத்தையும், பள்ளிவாசல் கடையில் அமர்ந்திருப்பவருக்கும் நாமே முதலில் வழங்குவோம்.

உரிமையாளரும் வாடகைதாரரும் ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிக்காமல் வாழ வல்ல இறைவன் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.